பதினேழு வயது, பழைய கார், இரண்டாயிரம் பவுண்டு இன்சூரன்ஸ்

"டேய், காரோட விலையைவிட இன்சூரன்ஸுக்கு அதிகமா கேக்கறான்டா! கம்ப்யூட்டர் ஏதாவது தப்பா கணக்குப் போடுதா?"

லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் குடியிருக்கும் என் அக்கா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். மகனுக்குப் பதினேழு வயது. டிரைவிங் டெஸ்ட்டில் தேறி நான்கு நாள் ஆகியிருந்தது. அத்தான் அவனுக்காக ஒரு பழைய சின்னக் காரைப் பார்த்து வைத்திருந்தார். விலை 2,000 பவுண்டு. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் இன்சூரன்ஸ் வெப்சைட்டைத் திறந்து விவரங்களைக் கொடுத்தால், திரையில் வந்த முதல் தொகையே காரின் விலையைத் தாண்டி நின்றது.

கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. பிரிட்டனில் பதினேழு வயதில் கார் ஓட்ட ஆரம்பிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த அதிர்ச்சி உண்டு. விலை ஒப்பீட்டு வெப்சைட்டுகளின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டு இறுதியில் எல்லா வயதினருக்குமான சராசரி பிரீமியமே 995 பவுண்டுக்கு ஏறியிருந்தது. பதினேழு வயதினருக்கு அது 2,500 பவுண்டைத் தாண்டியது. அதன்பின் ஓரளவு இறங்கினாலும், வயதால் வரும் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊர் வாசகர்களுக்கு இது வினோதமாகத் தோன்றும். இந்தியாவில் கட்டாயமான மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில் 1000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். ஓட்டுபவர் பதினெட்டா அறுபதா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை, இன்ஜின் அளவைத்தான் கேட்கிறது. பிரிட்டனில் நேர் எதிர். அங்கே கார் பாதி, ஆள் பாதி.

ஏன் இவ்வளவு?

பழைய கார்தானே, உடைந்தால் 2,000 பவுண்டு, அதற்கு ஏன் 2,000 பவுண்டு பிரீமியம் என்றுதான் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனியின் பயம் அந்தக் காரைப் பற்றியது அல்ல. பிரிட்டன் சட்டப்படி, மற்றவர்களுக்கு ஏற்படும் உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. சனிக்கிழமை இரவு நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகிற பையன் மரத்தில் மோதினால், அதில் ஒருவருக்கு முதுகெலும்பு அடிபட்டால், ஆயுள் முழுவதற்குமான மருத்துவச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும். அது மில்லியன் கணக்கான பவுண்டுக்குப் போகும். அந்தச் செலவைத்தான் எல்லா இளம் டிரைவர்கள் தலையிலும் பங்கு போடுகிறார்கள்.

இளம் டிரைவர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்பதும் வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் ஓடிய மைலுக்கு எத்தனை உயிர்ப்பலி விபத்து என்று கணக்கிட்டால், 16 முதல் 19 வயதினரின் விகிதம் 20 வயதுக்கு மேற்பட்டோரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பக்கத்தில் அதே வயது நண்பர்கள் உட்கார்ந்தால் இன்னும் கூடும். இரவு நேரத்திலும் கூடும். கம்ப்யூட்டர் உங்கள் பிள்ளையைப் பார்த்ததில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோரின் பழைய கணக்கைத்தான் பார்த்திருக்கிறது.

ஒரு சுவையான தகவல். முன்பெல்லாம் பையன்களுக்கு ஒரு விலை, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த விலை. 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் ஆண், பெண் என்று பார்த்து விலை வைக்கக் கூடாது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகிய பிறகும் இந்த விதி தொடர்கிறது. ஆனால் வயதைப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

படிவத்தில் என்ன கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோ காலில் அக்காவின் திரையை நான் பார்க்க, இருவருமாக உட்கார்ந்தோம். பிரிட்டனில் விலை ஒப்பீட்டு வெப்சைட்டுகள் 2002லிருந்தே இருக்கின்றன. ஒரே படிவத்தை ஒரு முறை நிரப்பினால் பல கம்பெனிகளின் விலைகள் வரிசையாக வந்து நிற்கும். அவர்கள் உங்களிடம் பணம் கேட்பதில்லை. நீங்கள் வாங்கினால் கம்பெனி அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும். எல்லாக் கம்பெனிகளும் எல்லா வெப்சைட்டிலும் இருப்பதில்லை. எனவே குறைந்தது இரண்டு வெப்சைட்டிலாவது பாருங்கள்.

தேடல் பக்கத்தில் முதலில் வரும் இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் விளம்பரம். தெரிந்த வெப்சைட்டின் முகவரியை அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்வது நல்லது. இதற்கென்று தனியாக ஒரு இ-மெயில் முகவரி வைத்துக்கொண்டால் பிறகு வந்து குவியும் விளம்பர மெயில்களிலிருந்து தப்பிக்கலாம். அக்கா தன் ஆபீஸ் முகவரியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் என்னைத் திட்டினாள்.

படிவத்தில் காரின் நம்பரைக் கொடுத்தாலே மாடலும் வருடமும் தானாக வந்துவிடும். பிரிட்டனில் நீண்ட காலமாகக் கார் மாடல்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். குழு எண் சிறியதாக இருந்தால் பிரீமியமும் சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே காரை வாங்கிவிட்டு விலை கேட்காதீர்கள். விலை கேட்டுவிட்டுக் காரை வாங்குங்கள். விற்பனை விளம்பரத்தில் இருக்கும் கார் நம்பரை வைத்தே கொட்டேஷன் போட்டுப் பார்க்கலாம். அத்தான் பார்த்து வைத்த காரை விட்டு, இன்ஜின் சிறிய வேறு மாடலைப் போட்டதுமே தொகை கண்ணெதிரே இறங்கியது.

பிறகு அஞ்சல் குறியீடு, இரவில் கார் எங்கே நிற்கும், வருடத்துக்கு எத்தனை மைல், காலேஜுக்குப் போகவா அல்லது வீட்டு வேலைக்கு மட்டுமா, காரில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேள்விகள் போகும். அலாய் சக்கரம் மாட்டியிருந்தால்கூடச் சொல்ல வேண்டும். மைல் கணக்கைக் குத்துமதிப்பாகப் பெரிதாகப் போட வேண்டாம், சிறிதாகவும் போட வேண்டாம். காலேஜ் தூரத்தைக் கூகுள் மேப்ஸில் பார்த்துப் போகவரப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பலரும் செய்யும் தவறு ஒன்று. முழுக் காப்பீடு விலை அதிகமாக இருக்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று முதலிலேயே டிக் செய்துவிடுவார்கள். இளம் டிரைவர் விஷயத்தில் சில சமயம் முழுக் காப்பீடே குறைவாக வரும். மூன்றாம் நபர் காப்பீட்டைத் தேடி வருகிறவர்கள் அதிகம் விபத்தில் சிக்குகிறார்கள் என்று கம்பெனிகளின் அனுபவம் சொல்வதால் வந்த விசித்திரம் இது. இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு கிளிக்தான் வித்தியாசம்.

தேதியும் முக்கியம். நாளைக்கே வேண்டும் என்று கேட்டால் விலை கூடும். பாலிசி தொடங்கும் நாளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே கேட்டால் பெரும்பாலும் குறையும். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களை கம்ப்யூட்டர் பொறுப்பில்லாதவர் என்று எடுத்துக்கொள்கிறது.

அத்தானின் யோசனை

இந்த இடத்தில் அத்தான் திரைக்குள் தலையை நீட்டினார். "எதுக்குப்பா இவ்வளவு பாடு? என் பேர்லயே பாலிசி எடுத்துட்டு, இவனைக் கூட ஓட்டுறவன்னு சேத்துட்டாப் போச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. பாதி விலைதான் வருது."

போட்டுப் பார்த்தோம். உண்மைதான், ஏறக்குறைய பாதிதான் வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

இதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, ஃப்ரண்டிங். கார் பிள்ளையுடையது, தினமும் ஓட்டப் போவது பிள்ளை. படிவத்தில் மட்டும் முக்கிய டிரைவர் அப்பா. இது மோசடிக் கணக்கில் வரும். விபத்து நடக்கும்வரை யாருக்கும் தெரியாது. நடந்தபின் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே, வார நாளில் காலை எட்டு மணிக்குக் காலேஜ் வாசலில் இந்தக் கார் ஏன் இருந்தது என்பதுதான். பாலிசியை ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அவர்கள் ரத்து செய்யலாம். அடிபட்டவருக்குச் சட்டப்படி இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை உங்களிடமிருந்து வசூலிக்க வரலாம்.

பிள்ளையின் நிலை இன்னும் மோசம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் லைசென்ஸில் 6 பாயிண்ட் தண்டனை. 1997 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, டெஸ்ட்டில் தேறிய இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் வாங்கினால் லைசென்ஸே போய்விடும். மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி ரோடு டெஸ்ட். அதோடு "உங்கள் பாலிசியை யாராவது ரத்து செய்திருக்கிறார்களா?" என்ற கேள்வி ஒவ்வொரு புதிய படிவத்திலும் வரும். "ஆம்" என்று டிக் செய்கிறவருக்கு வரும் விலையைப் பார்த்தால் இப்போதைய விலை எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

அத்தான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அப்ப வேற வழி?" என்றார்.

நேர்மையான வழி அதே யோசனையைத் திருப்பிப் போடுவதுதான். பிள்ளையை முக்கிய டிரைவராகப் போட்டு, அப்பாவையோ அம்மாவையோ கூடுதல் டிரைவராகச் சேர்க்கலாம். அவர்கள் உண்மையிலேயே எப்போதாவது அந்தக் காரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அனுபவமுள்ள ஒருவர் சேர்ந்தால் விலை இறங்குவது உண்டு. அத்தானைச் சேர்த்தோம், குறைந்தது. அக்காவையும் சேர்த்தோம், கொஞ்சம் ஏறியது! மூன்று வருடம் முன்பு பார்க்கிங்கில் அவள் இடித்த கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயரை எடுத்துவிட்டோம். இன்னொன்று, பாலிசி பிள்ளையின் பெயரில் இருந்தால்தான் விபத்தில்லாத வருடத்துக்கான போனஸ் அவன் கணக்கில் ஏறத் தொடங்கும். அப்பாவின் பாலிசியில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது.

எக்ஸெல்லில் போட்டுப் பாருங்கள்

வெப்சைட் எப்போதும் விலை குறைந்ததை மேலே வைக்கும். மேலே இருப்பதை வாங்கினால் சில சமயம் ஏமாறுவீர்கள். ஒரு எக்ஸெல் ஒர்க் ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: கம்பெனி, மொத்தமாகக் கட்டினால், முன்பணம், மாதத் தவணை, எக்ஸஸ், வருட மைல். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

புதியவர்கள் கவனிக்க வேண்டியது, செல்லில் வெறும் எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். "1900 பவுண்டு" என்று சேர்த்து டைப் செய்தால் எக்ஸெல் அதை வார்த்தையாக எடுத்துக்கொண்டு கூட்ட மறுத்துவிடும். அக்கா அரை மணி நேரம் இதில்தான் சிக்கிக்கொண்டாள்.

எக்ஸஸ் என்பது, விபத்து நடந்து உங்கள் காருக்காகப் பணம் கேட்கும்போது உங்கள் கையிலிருந்து போகும் முதல் பகுதி. கட்டாய எக்ஸஸ் ஒன்று, நீங்களாக ஒப்புக்கொள்ளும் எக்ஸஸ் ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கம்பெனி 1,900 பவுண்டு, எக்ஸஸ் 1,250. இன்னொன்று 2,050 பவுண்டு, எக்ஸஸ் 650. பட்டியலில் முதல் கம்பெனிதான் மேலே இருக்கும். இப்போது பிரீமியத்தையும் எக்ஸஸையும் கூட்ட ஒரு பத்தி சேருங்கள். சமக்குறி டைப் செய்து, பிரீமியம் உள்ள செல்லை மவுசால் கிளிக் செய்து, கூட்டல் குறி போட்டு, எக்ஸஸ் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டினால் போதும். விபத்து நடந்த வருடத்தில் முதல் கம்பெனிக்கு 3,150, இரண்டாவதற்கு 2,700. காரின் மதிப்பே 2,000 என்றால், முதல் கம்பெனியில் கார் முழுசாக நொறுங்கினாலும் கைக்கு வருவது 750 பவுண்டுதான்.

தவணையையும் இப்படியே பாருங்கள். மொத்தமாக 2,000, அல்லது மாதம் 190 வீதம் 12 தவணை என்றால் பெருக்கிப் பார்க்கும்போது 2,280. தவணை என்பது உண்மையில் வட்டிக் கடன். இளம் டிரைவர் பாலிசிகளின் தொகையே பெரியது என்பதால் இந்த வட்டியும் பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு, 2017 ஜூன் முதல் பிரீமியத்தின் மேல் 12 சதவீதம் வரி வேறு. அது விலைக்குள்ளேயே அடக்கம்.

கறுப்புப் பெட்டி

பட்டியலில் பதினேழு வயதுக்காரனுக்கு வந்த விலைகளில் குறைந்தவை பெரும்பாலும் ஒரே வகை, டெலிமேட்டிக்ஸ். நம் பத்திரிகைக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காருக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதில் கார் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ், வேக மாற்றத்தை உணரும் ஆக்ஸிலரோமீட்டர், தகவலைக் கம்பெனிக்கு அனுப்ப ஒரு சிம் கார்டு. நம் செல்போனுக்குள் இருப்பவைதான் எல்லாம். பிரிட்டனில் 2006லேயே ஒரு பெரிய கம்பெனி இதைக் கொண்டுவந்து, 2008இல் கைவிட்டது. அப்போது பெட்டியும் தகவல் செலவும் கட்டுப்படியாகவில்லை. 2010க்குப் பிறகு விலை இறங்கி, இளம் டிரைவர்களிடம் இது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

இப்போது பல வடிவங்கள். மெக்கானிக் வந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் பொருத்துவது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கில் நாமே செருகுவது, கண்ணாடியில் ஒட்டும் சின்ன டேக், வெறும் செல்போன் ஆப். கவனிப்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான். அந்த ரோட்டின் வேக வரம்பைத் தாண்டினீர்களா, திடீரென்று பிரேக் அடித்தீர்களா, வளைவில் எவ்வளவு வேகம், நள்ளிரவுக்கு மேல் எத்தனை முறை, மொத்தம் எத்தனை மைல். எல்லாம் சேர்ந்து ஒரு மார்க்.

மார்க் நன்றாக இருந்தால் அடுத்த வருட விலை குறையலாம். மோசமாக இருந்தால் எச்சரிக்கை மெயில், தொடர்ந்தால் பாலிசி ரத்து. மெயிலைப் பார்க்காமல் விட்டேன் என்பது சாக்காகாது. ஒப்புக்கொண்ட மைலைத் தாண்டினால் கூடுதல் மைலைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு இந்தப் பெட்டி ஒத்துவராமல் போகலாம். விதிமுறை ஃபைலை டவுன்லோட் செய்து, கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தி, இரவு நேரம், ரத்து ஆகிய வார்த்தைகளை ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிடுங்கள். நாற்பது பக்கத்தையும் படிக்க யாராலும் முடியாது.

ஆப் வகையில் வேறு தொல்லைகள். போனின் பேட்டரி சேமிப்பு வசதி ஆப்பைத் தூங்க வைத்துவிட்டால் பயணம் பதிவாகாது. பதிவாகாத பயணங்கள் கூடினால் அதற்கும் எச்சரிக்கை வரும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று வையுங்கள். நண்பனின் காரில் உட்கார்ந்து போனாலும் சில ஆப்கள் நீங்களே ஓட்டியதாக எழுதிக்கொள்ளும். அன்றே திறந்து "பயணி" என்று மாற்ற வேண்டும்.

இவ்வளவு தகவலும் யாரிடம் போகிறது என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களிலிருந்து ஓட்டும் விவரங்களைத் திரட்டித் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுத்ததும், அது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதும் 2024 மார்ச்சில் வெளியே வந்தது. நிறைய பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதன் மேல் நடவடிக்கையை அறிவித்தது. பிரிட்டனில், கம்பெனி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை ஒரு மெயில் அனுப்பிக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மார்க் தப்பு என்று தோன்றினால் இதைப் பயன்படுத்துங்கள். இந்தியாவிலும் 2022 ஜூலையில், ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் பார்த்து விலை வைக்கும் இணைப்புத் திட்டங்களுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது.

பாதி விலை என்று மெசேஜ் வந்தால்

தேடிக்கொண்டிருந்த வாரத்திலேயே என் மருமகனுக்குச் சமூக வலைதளத்தில் ஒரு மெசேஜ். "இளம் டிரைவர் பாலிசி, 600 பவுண்டு மட்டும், இன்றே பேப்பர் தருகிறோம்." அவன் அதை அம்மாவிடம் காட்டாமல் எனக்கு அனுப்பி, "மாமா, இது நிஜமா?" என்று கேட்டிருந்தான். கேட்டது நல்லதாகப் போயிற்று.

இவர்களைக் கோஸ்ட் புரோக்கர் என்கிறார்கள். வயதையும் முகவரியையும் பொய்யாகக் கொடுத்து ஒரு பாலிசி எடுப்பார்கள், அல்லது எடுத்துவிட்டு உடனே ரத்து செய்து பணத்தை விழுங்குவார்கள், அல்லது கம்ப்யூட்டரில் ஒரு சர்ட்டிபிகேட்டைத் தயாரித்து அனுப்பிவிடுவார்கள். பேப்பரைப் பார்த்தால் அசல்போலவே இருக்கும். ரோட்டில் இருக்கும் போலீஸ் கேமரா பேப்பரைப் பார்ப்பதில்லை, கார் நம்பரை மத்திய டேட்டாபேஸில் தேடிப் பார்க்கிறது. அதில் இல்லாவிட்டால் காரையே எடுத்துப் போய்விடலாம். ஏமாந்தவன் என்பதற்காக 6 பாயிண்ட் தண்டனை தானாக விலகாது. எந்தப் பாலிசி வாங்கினாலும் சில நாள் கழித்து, மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் வெப்சைட்டில் உங்கள் கார் நம்பர் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். புரோக்கரின் பெயர் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் தேடலாம்.

கடைசியில் என் மருமகனுக்கு எடுத்தது பெட்டி வைத்த முழுக் காப்பீடு. சின்ன இன்ஜின் கார், அப்பா கூடுதல் டிரைவர், வருடத்துக்கு 5,000 மைல். முதலில் வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்னமும் அது பெரிய தொகைதான். பாதியை அவனே வார இறுதியில் கடையில் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அத்தான் போட்ட நிபந்தனை.

முதல் வாரம் பெட்டி கொடுத்த மார்க் நூற்றுக்கு 68. தெருவில் இருக்கும் வேகத்தடைக்கு முன்னால் தினமும் கடைசி நொடியில் பிரேக் அடித்திருக்கிறான். இப்போது 80ஐத் தாண்டிவிட்டது. ஆப்பை அவனைவிட அதிகமாகத் திறந்து பார்ப்பது அக்காதான். பாலிசி புதுப்பிக்கும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே நினைவூட்டும்படி செல்போன் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். 2022 ஜனவரி முதல், பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிட அதிக விலை வைக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆனாலும் வேறு கம்பெனி இன்னும் குறைவாகக் கொடுக்கலாமே. எக்ஸெல் ஃபைலை "இன்சூரன்ஸ்" என்ற பெயரில் டெஸ்க்டாப்பிலேயே சேமித்து வைத்திருக்கிறாள். இளையவளுக்கு இப்போது பதினான்கு வயது.